இந்த ஒரு வாக்கியத்தை நம்பலாமா? இயந்திர மொழிபெயர்ப்பின் தரத்தைக் கணிப்பது பற்றி

2025 ஜூலை 14 அன்று பெங்களூரு மல்லேசுவரத்தில் தமது வீட்டில் நடிகை பி. சரோஜாதேவி காலமானார். தமிழ்த் திரையுலகம் 'கன்னடத்துப் பைங்கிளி' என்று கொண்டாடிய கலைஞர் அவர். அவருடைய உடலுக்குக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அஞ்சலி செலுத்திய செய்தி, முதலமைச்சர் தரப்பிலிருந்து கன்னடத்தில் மெட்டா நிறுவனத்தின் தளத்தில் பதிவானது. அந்தத் தளத்தின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஆங்கிலமாக்கியபோது இறந்தவர் மாறிப்போனார். முதலமைச்சர் சித்தராமையா நேற்று காலமானார் என்ற பொருளில் அந்த ஆங்கில வாக்கியம் தொடங்கியது.

முதலமைச்சரின் ஊடக ஆலோசகர் கே.வி. பிரபாகர் மெட்டாவுக்குக் கடிதம் எழுதினார். நம்பகமான நிலைக்கு வரும்வரை கன்னடத்துக்கான தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும், கன்னட வல்லுநர்களோடு சேர்ந்து அதைச் சீர்செய்ய வேண்டும் என்று கேட்டார். தாங்கள் படிப்பது இயந்திரம் பெயர்த்தது என்பதே பலருக்குத் தெரியாமல் போகலாம் என்று சித்தராமையாவும் எச்சரித்தார். மெட்டா மன்னிப்புக் கேட்டு, கோளாறைச் சரிசெய்துவிட்டதாக அறிவித்தது.

செய்தி அத்தோடு ஓய்ந்தது. ஆனால் அந்தக் கடிதம் எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. 'நம்பகமான நிலை' என்பதை எதை வைத்து அளப்பது? மொழிபெயர்த்த இயந்திரமோ அதன் மேல் அமர்த்தப்பட்ட இன்னொரு இயந்திரமோ, 'இந்த வாக்கியத்தில் எனக்கு உறுதியில்லை' என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கென்று கணினி மொழியியலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தனித்துறை இயங்கிவருகிறது. அதற்குப் பெயர் தரக் கணிப்பு. இந்திய மொழிகளின் மொழிபெயர்ப்புப் பொத்தான்கள் பெருகும் வேகத்தில் இந்தத் துறை நம்மிடம் வளரவில்லை. வளர்த்தே ஆகவேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

பெயரெச்சம் தேடிய பெயர்

அந்தக் கன்னட வாக்கியத்தின் அமைப்பு தமிழருக்கு நன்கு பழகியதுதான். 'முதலமைச்சர் இன்னார், நேற்று காலமான மூத்த நடிகை இன்னாரின் உடலைக் கண்டு இறுதி வணக்கம் செலுத்தினார்' என்பது போன்ற வரிசை அது. எழுவாய் முதலிலேயே வந்துவிடுகிறது. அதற்குரிய வினைமுற்று கடைசியில் நிற்கிறது. நடுவில் வரும் 'காலமான' என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் நடிகையைத் தழுவுகிறது. தமிழோ கன்னடமோ பேசி வளர்ந்த சிறுவர்கூட இதில் தடுமாற மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வினை வரவேண்டும். வெளியான ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தால், முதலில் வந்த பெயரோடு முதலில் வந்த வினை போய் ஒட்டிக்கொண்டது தெரிகிறது. அதன் பின் நடிகையின் பெயர் எதனோடும் சேராமல் தொங்கியது. ஆங்கில இலக்கணப்படியே அந்த வாக்கியம் உடைந்திருந்தது.

இந்த உடைவு ஒரு தடயம். கன்னடம் தெரியாத, ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் முழு வாக்கியத்தையும் நிதானமாகப் படித்திருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது என்று ஐயப்பட்டிருப்பார். ஆனால் கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் முதல் சில சொற்களோடு நின்றுவிடுவார். அவருக்குக் கிடைத்த செய்தி ஒரு முதலமைச்சரின் மரணம்.

இப்படி நடப்பது முதல் முறையும் இல்லை. 2017 அக்டோபரில் ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி முகநூலில் அரபியில் காலை வணக்கம் சொல்லிப் படம் போட்டார். மொழிபெயர்ப்பு அதை 'தாக்குங்கள்' என்ற பொருளில் எபிரேயத்தில் காட்டியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைதுசெய்து, தவறு புரிந்த பின் சில மணி நேரத்தில் விடுவித்தது. இரண்டு நிகழ்வுகளிலும் மொழிபெயர்ப்பு பிழைபட்டதைவிடக் கவலைக்குரிய ஒன்று உண்டு. சரியான வாக்கியத்துக்கு இருக்கும் அதே எழுத்துரு, அதே இடம், அதே தோற்றம் தவறான வாக்கியத்துக்கும் கிடைத்தது. படிப்பவருக்கு ஐயம் வர எந்தக் குறிப்பும் தரப்படவில்லை.

மதிப்பீடு வேறு, கணிப்பு வேறு

இயந்திர மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்கும் முயற்சி அந்த இயந்திரங்களைப் போலவே பழையது. அமெரிக்க அரசு அமைத்த அல்பாக் குழு 1966இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்காக உளவியலாளர் ஜான் கரோல் ஒரு சோதனை வகுத்தார். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வாக்கியங்கள் எவ்வளவு புரிகின்றன என்பதற்கு ஓர் அளவுகோல். மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றன என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதை அளந்த விதம் நுட்பமானது. மதிப்பிடுபவர் முதலில் மொழிபெயர்ப்பைப் படிப்பார். பிறகு மூலத்தைப் படித்துவிட்டு, மொழிபெயர்ப்பில் கிடைக்காத புதுச்செய்தி மூலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பெண் இடுவார். புதுச்செய்தி கூடக்கூட மொழிபெயர்ப்பு மோசம் என்று பொருள். புரிவதும் உண்மையாக இருப்பதும் இரு வேறு பண்புகள் என்ற தெளிவு அன்றே இருந்தது.

மனிதர்களை வைத்து மதிப்பிடுவதற்குப் பணமும் நாளும் செலவாகும். 2002இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிஷோர் பாபினேனியும் உடன் பணியாற்றியோரும் 'ப்ளூ' என்ற தானியங்கி அளவை முன்வைத்தார்கள். மனிதர் செய்த மாதிரி மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, இயந்திரத்தின் மொழிபெயர்ப்பில் உள்ள சொற்களும் அடுத்தடுத்து வரும் நான்கு சொற்கள் வரையிலான தொடர்களும் மாதிரியோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எண்ணுவது அதன் வழி. மலிவானது, விரைவானது. அடுத்த இருபது ஆண்டுகள் துறையை அதுவே ஆண்டது.

ஆனால் ப்ளூவுக்கு மாதிரி மொழிபெயர்ப்பு கட்டாயம். ஆய்வகத்தில் அது கிடைக்கும். முதலமைச்சர் அலுவலகம் பதிவிட்ட அடுத்த நொடியில் யாரிடமும் மாதிரி இருக்காது. இருந்தால் இயந்திரமே தேவைப்படாது. மூலத்தையும் இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு தரத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் தரக் கணிப்பு. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் தம் விடைமேல் தமக்குள்ள நம்பிக்கையை எண்ணாகச் சொல்லும் முறை முன்பே இருந்தது. அதை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவரும் முயற்சி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2003இல் நடந்த கோடைக்காலப் பட்டறையில் முழு வடிவம் பெற்றது. 2012 முதல் இயந்திர மொழிபெயர்ப்புக்கான பன்னாட்டு மாநாட்டில் இதற்கென்று தனிப்போட்டி நடக்கிறது.

இன்றைய கருவிகள் செயல்படும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நூறு மொழிகளின் பனுவல்களைப் படித்துப் பழகிய ஒரு பெரிய மொழி மாதிரியிடம் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் கொடுக்கிறார்கள். அது இரண்டையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. மனிதர்கள் முன்பு மதிப்பெண் இட்ட ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் காட்டி, அதே மதிப்பெண்ணை ஊகிக்க அதைப் பழக்குகிறார்கள். 2020இல் வந்த 'காமெட்' இவ்வகையில் பெயர்பெற்றது. மாதிரி மொழிபெயர்ப்பே தேவைப்படாத 'காமெட்கிவி' 2022இல் வந்தது. மதிப்பெண் முழு வாக்கியத்துக்கும் கிடைக்கலாம். எந்தச் சொல் தவறு என்று சொல் சொல்லாகக் குறியிடவும் செய்யலாம். மொழிபெயர்க்கும் இயந்திரத்தின் உள்ளேயே பார்த்து, ஒவ்வொரு சொல்லைத் தேர்ந்தபோதும் அது எவ்வளவு தயங்கியது என்பதிலிருந்து தரத்தை ஊகிக்கும் வழியும் உண்டு. எந்த வழியில் போனாலும் அடித்தளம் ஒன்றுதான். அந்தந்த மொழியை அறிந்த மனிதர்கள் பொறுமையாக இட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப்பார்த்தால்தான் ஒரு கருவி தேறுகிறதா என்று தெரியும்.

தமிழில் சொல் எண்ணினால் என்ன ஆகும்?

தமிழும் கன்னடமும் ஒட்டுநிலை மொழிகள். வேற்றுமை, காலம், எதிர்மறை, ஐயம், அழுத்தம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடுக்கப்படுகின்றன. மாதிரி மொழிபெயர்ப்பில் 'வீட்டிலிருந்துதான்' என்று இருந்து, இயந்திரம் 'வீட்டில் இருந்துதான்' என்று பிரித்து எழுதினால், சொல்லை எண்ணும் கருவிக்கு ஒரு பொருத்தமும் தெரியாது. 'என்று சொன்னார்' என்பதற்குப் பதில் 'எனக் கூறினார்' என்று வந்தாலும் மதிப்பெண் விழுந்துவிடும். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

மறுபுறத்தைப் பாருங்கள். 'பதிவு செய்யப்பட்ட மருந்து' என்பதும் 'பதிவு செய்யப்படாத மருந்து' என்பதும் எழுத்தளவில் மிக நெருக்கமானவை. சொல்லுக்குப் பதிலாக எழுத்துத் தொடர்களை எண்ணும் 'சிஆர்எஃப்' என்ற அளவு 2015 முதல் புழக்கத்தில் உண்டு. ஒட்டுநிலை மொழிகளுக்கு ப்ளூவைவிட அது ஏற்றது. ஆனால் இந்த இரண்டு தொடர்களுக்கும் அது உயர்ந்த ஒற்றுமையே காட்டும். உட்கொள்ளலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு ஓரிரு எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. சித்தராமையா பற்றிய வாக்கியத்துக்கும் இது பொருந்தும். சரியான ஆங்கில மொழிபெயர்ப்பில் வரவேண்டிய முதன்மையான சொற்கள் தவறான வாக்கியத்திலும் இருந்தன. யாருக்கு எது நடந்தது என்ற உறவு மட்டும் மாறியிருந்தது. சொற்களை எண்ணினால் உறவு தெரியாது.

இதனால்தான் பிழைகளை வகைபிரித்து எடைபோடும் முறைக்கு ஆய்வாளர்கள் நகர்ந்தார்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் பிழையான இடத்தைக் குறிக்கிறார். அது எந்த வகை, சிறியதா பெரியதா என்று பதிகிறார். சிறு பிழைக்கு 1, பெரும் பிழைக்கு 5 என்பதுபோல் எடை கூட்டப்படுகிறது. 2021இல் நடந்த பன்னாட்டுப் போட்டியில் உயிருக்கோ உடைமைக்கோ பெயருக்கோ கேடு விளைக்கும் 'மோசமான பிழை'களை மட்டும் பிடிக்கும் தனிப் பிரிவு வைத்தார்கள். இல்லாத வசைச்சொல் நுழைவது, பாதுகாப்பு எச்சரிக்கை மாறுவது, ஆட்பெயர் மாறுவது, உடன்பாடு எதிர்மறையாவது, எண்ணும் அளவும் பிசகுவது என்று ஐந்து வகை அதில் இருந்தன. அரசு அறிவிப்பையோ மருந்துச் சீட்டையோ நீதிமன்ற ஆணையையோ மொழிபெயர்க்கும் எவரும் இந்தப் பட்டியலைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இந்திய மொழிகளில் நடந்திருப்பது

நம் பக்கத்தில் வேலை நடக்காமல் இல்லை. சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு முன்னின்று உருவாக்கிய 'இண்டிக் எம்டி ஈவால்' என்ற தரவுத் தொகுப்பு 2023இல் வெளியானது. தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில், ஏழு மொழிபெயர்ப்புக் கருவிகள் தந்த வாக்கியங்களுக்கு 7000 நுண்ணிய மதிப்பீடுகளை இருமொழி வல்லுநர்கள் இட்டார்கள். 16 தானியங்கி அளவைகளை அந்த மனித மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தபோது காமெட் வகைக் கருவிகளே மனிதரோடு அதிகம் ஒத்துப்போயின. இந்திய மொழிகளில் நடையோட்டம் சார்ந்த பிழைகளை இருக்கும் அளவைகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பதும் வெளிப்பட்டது. அதே ஆண்டு பன்னாட்டுத் தரக் கணிப்புப் போட்டியில் ஆங்கிலத்திலிருந்து தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, மராத்தி ஆகியவற்றுக்கான மொழிபெயர்ப்புகள் இடம்பெற்றன.

இந்த இரு பட்டியல்களிலும் கன்னடம் இல்லை. இந்திய மொழித் தொழில்நுட்பம் பெருமளவில் எழுதப்படும் நகரங்களில் ஒன்றான பெங்களூரின் மொழி அது. 2024இல்தான் ஏஐ4பாரத் தொடர்பான ஆய்வாளர்கள் கன்னடம், அசாமி, மைதிலி, பஞ்சாபி ஆகிய நான்குக்கும் மனித மதிப்பீடுகளைத் திரட்டி, அந்த மொழிகளில் நேரடிப் பயிற்சி பெறாத கருவிகள் எவ்வளவு தேறுகின்றன என்று சோதித்தார்கள். முடிவு கசப்பானது. மிகச் சிறந்த கருவிக்கும் மனித மதிப்பெண்ணோடு கிடைத்த ஒட்டுறவுக் கெழு, பியர்சன் முறையில் 0.45ஐயும் கெண்டால் முறையில் 0.32ஐயும் தாண்டவில்லை.

இந்த எண்களை நடைமுறையில் வைத்துப் பார்க்க வேண்டும். பியர்சன் கெழு 0.45 என்றால், மனிதர்கள் இட்ட மதிப்பெண்களின் ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே கருவியின் மதிப்பெண் விளக்குகிறது. கெண்டால் கெழு 0.32 என்றால், சமநிலைகளை ஒதுக்கிவிட்டு இரண்டிரண்டு மொழிபெயர்ப்புகளாக எடுத்து 'எது மேல்' என்று கேட்டால், நூற்றில் சுமார் 66 முறை கருவி மனிதரோடு உடன்படும். 34 முறை தலைகீழாகச் சொல்லும். நாணயம் சுண்டினால் ஐம்பது கிடைக்கும். ஓராண்டு கழித்து ஒரு கன்னட வாக்கியம் முதலமைச்சரைச் சாகடித்தபோது, அதைத் தடுத்திருக்கக்கூடிய துறை கன்னடத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இந்தியாவுக்கு வெளியிலும் தமிழுக்கான வேலை நடக்கிறது. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து தானாக வாரி எடுக்கப்பட்ட இருமொழித் தொகுப்புகளை ஆங்கிலம்–தமிழ், ஆங்கிலம்–சிங்களம், சிங்களம்–தமிழ் இணைகளில் ஆராய்ந்தார்கள். வாக்கிய இணைகளைத் தரப்படி வரிசைப்படுத்தி, மேலிருக்கும் 25,000 இணைகளை மட்டும் கொண்டு பயிற்சி தந்தால், சில தொகுப்புகளில் மனிதர் கைப்படத் தயாரித்த தரவுக்கு நிகரான பலன் கிடைப்பதை 2024இல் காட்டினார்கள். மொழிபெயர்த்து முடித்த பின் தணிக்கை செய்ய மட்டுமே தரக் கணிப்பு உதவும் என்று எண்ண வேண்டாம். இயந்திரத்துக்கு ஊட்டும் தரவிலேயே பதரைத் தூற்ற அது உதவுகிறது.

சராசரி எதை மறைக்கிறது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. இயந்திர மொழிபெயர்ப்பில் அது செல்லாது. ஒரே உலையில் ஒவ்வொரு பருக்கையும் வேறு வேறு பதத்தில் வேகிறது. ஒரு கருவி கன்னடத்துக்கு நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கியது என்று அறிவிப்பு வந்தால், அது ஆயிரக்கணக்கான வாக்கியங்களின் சராசரி. எந்தக் கருவியை வாங்கலாம் என்று தீர்மானிக்க நிறுவனத்துக்கு அது போதும். என் முன்னால் இருக்கும் வாக்கியம் அந்த எண்பத்தைந்துக்கு மேலே நிற்குமா, மிகக் கீழே கிடக்குமா என்பதைச் சராசரி சொல்லாது. வாசகருக்கு வேண்டியது அந்த விடை மட்டுமே.

வாக்கியம்தோறும் கணிப்பது எளிதா? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஓர் அலுவலகம் 10,000 வாக்கியங்களை இயந்திரத்தால் மொழிபெயர்க்கிறது. அவற்றில் 100 வாக்கியங்களில் மோசமான பிழை. ஒரு கணிப்புக் கருவி பிழையுள்ளவற்றில் நூற்றுக்கு எழுபதைப் பிடிக்கிறது. நல்ல வாக்கியங்களில் நூற்றுக்குப் பத்தைத் தவறாகச் சந்தேகிக்கிறது. சந்தேகப் பட்டியலில் 70 உண்மைப் பிழைகளோடு 990 நல்ல வாக்கியங்களும் சேர்ந்து மொத்தம் 1,060 நிற்கும். பட்டியலில் உண்மையான பிழை பதினைந்துக்கு ஒன்றுதான் என்று மொழிபெயர்ப்பாளர் சலித்துக்கொள்ளலாம். ஆனாலும் பத்தாயிரத்தைப் படிக்க வேண்டிய இடத்தில் அவர் படிப்பது பத்தில் ஒரு பங்குதான். அதே நேரம் 30 பிழைகள் தப்பித்துப் போகின்றன. அவை கோயில் திருவிழா அறிவிப்பில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாத்திரை அளவில் இருந்தால் பொறுக்க முடியாது. சந்தேகத்தின் வரம்பைத் தளர்த்தி, மூவாயிரம் வாக்கியங்களைப் படிக்க நேர்ந்தாலும் பிழைகள் தப்பாமல் பார்க்க வேண்டும். வரம்பை எங்கே வைப்பது என்பதைக் கருவி தீர்மானிக்காது. பிழையின் விலை தெரிந்தவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. பெங்களூரின் ஏக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய 'அனுவாத்' என்ற திறந்த மென்பொருள் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 'சுவாஸ்' என்ற பெயரில் 2019இல் அறிமுகமானது. வங்கதேச உச்ச நீதிமன்றத்தில் 'அமர் பாஷா' என்ற பெயரில் 2021இல் நுழைந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்புகள், ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்போடு வெளியாகின்றன. மாவட்ட நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டுக்கு அனுமதி வழங்கும் 'லீவ் கிராண்டட்' என்ற ஆணையை விடுப்பு வழங்கியதாகப் பெயர்த்துவிடும் இயந்திரங்களைப் பற்றி நீதிமன்ற வட்டாரத்தில் பேசப்படுவதுண்டு.

எச்சரிக்கைக் குறிப்பு நல்லதுதான். ஆனால் ஐம்பது பக்கத் தீர்ப்பின் தலையில் போட்ட ஒரே குறிப்பு, எந்தப் பத்தியில் கால் வழுக்கும் என்று சொல்லாது. ஆங்கிலம் தெரியாததால்தான் வழக்காடி தமிழ் வடிவத்தைப் படிக்கிறார். ஆங்கில வடிவத்தைப் பார்த்துக்கொள் என்று அவரிடம் சொல்வது, சுமையை அவர் தோளுக்கே திருப்பிவிடுவது. சொல் அளவில் தரக் கணிப்பு இருந்தால் ஐயத்துக்குரிய வரிகளைக் கோடிட்டுக் காட்டலாம். திருத்துபவரின் கண்ணும் முதலில் அங்கே போகும்.

நடுவர் யார்?

எல்லாக் கருவிகளும் கடைசியில் மனித மதிப்பெண்ணில் வந்து நிற்கின்றன என்பதால், அந்த மனிதர் யார் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. சென்னையில் வளர்ந்த மதிப்பீட்டாளர் 'மருத்துவமனை' என்பதை எதிர்பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் 'வைத்தியசாலை' என்பதே இயல்பான சொல். 'கம்ப்யூட்டர்' என்று வந்தால் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். 'கணினி' என்று வந்தால் பாமரருக்குப் புரியாது என்று இன்னொருவர் குறைப்பார். கன்னடத்திலும் தார்வாடின் வழக்கும் மைசூரின் வழக்கும் மங்களூரின் வழக்கும் ஒன்றல்ல. ஒரே வட்டாரத்தார் இட்ட மதிப்பெண்ணில் பழகிய கருவி மற்ற வட்டாரத்தின் சரியான தமிழைத் தவறென்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. மதிப்பீட்டாளர் குழுவில் வட்டாரங்களும் நாடுகளும் இடம்பெற வேண்டும். ஒரு வாக்கியத்துக்குப் பலர் மதிப்பெண் இட வேண்டும். அவர்கள் எங்கே பிரிந்தார்கள் என்ற பதிவையும் சராசரியில் கரைக்காமல் காக்க வேண்டும்.

மனிதருக்குப் பதிலாகப் பெரிய மொழி மாதிரியையே நடுவராக்கிவிடலாமே என்ற வாதம் இப்போது வலுத்திருக்கிறது. இதற்கு பெங்களூரிலேயே நல்ல சோதனைகள் நடந்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்தவர்கள் எட்டு மொழிகளில் 20,000 மனிதத் தீர்ப்புகளோடு ஜிபிடி-4இன் தீர்ப்புகளை 2023இல் ஒப்பிட்டார்கள். இயந்திர நடுவர் தாராளமாக மதிப்பெண் போடுவது தெரிந்தது. அடுத்த ஆண்டு, அதே நகரத்தின் 'கார்யா' அமைப்போடு சேர்ந்து, 'பரீக்ஷா' என்ற பெயரில் 10 இந்திய மொழிகளில் 30 மொழி மாதிரிகளின் விடைகளைச் சோதித்தார்கள்; 90,000 மனித மதிப்பீடுகளும் 30,000 இயந்திர மதிப்பீடுகளும் திரண்டன. இரண்டு விடைகளில் எது மேல் என்று கேட்டால் இயந்திரமும் மனிதரும் ஓரளவு ஒத்துப்போனார்கள். ஒரே விடையைத் தனியாகக் காட்டி மதிப்பெண் கேட்டபோது உடன்பாடு சரிந்தது. வங்காளத்திலும் ஒடியாவிலும் அந்தச் சரிவு கூடுதலாக இருந்தது. இவை மொழிபெயர்ப்புக்கென்று நடந்த சோதனைகள் அல்ல. ஆனால் தரக் கணிப்புக்கு அவை தரும் பாடம் நேரடியானது. வாசகர் முன் இருப்பது எப்போதும் ஒரே ஒரு மொழிபெயர்ப்புதான். இயந்திர நடுவர் எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் நமக்கு அதன் தீர்ப்பு தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை

2022இல் தொடங்கிய 'பாஷிணி' வழியாக ஒன்றிய அரசும், 22 மொழிகளுக்கான மாதிரிகளை வெளியிட்டுள்ள ஏஐ4பாரத், பெங்களூரின் சர்வம் போன்றோரும் மொழிபெயர்ப்பை மக்கள் கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது பெரும் வேலை. பெங்களூரில் வாழும் தமிழர், தெலுங்கர், மலையாளி, ஒடியா தொழிலாளி என்று கன்னட அறிவிப்பைப் படிக்க இந்தக் கருவிகளை நம்பியிருப்போர் ஏராளம். பொத்தானைப் பிடுங்கிவிடுவது இவர்களுக்கு உதவாது. பொத்தானோடு நான்கு பொறுப்புகள் சேர வேண்டும்.

முதலாவது, இந்திய மொழி ஒவ்வொன்றுக்கும் மோசமான பிழைகளுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பு வேண்டும். பெயரெச்சம், எதிர்மறை விகுதி, எண், ஆட்பெயர், மரியாதைப் பன்மை என்று அந்தந்த மொழி இயந்திரத்தை இடறவைக்கும் இடங்களை அந்தந்த மொழியின் இலக்கணம் அறிந்தவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் வகுத்த பட்டியலை அப்படியே கடன் வாங்கினால் 'காலமான' போன்ற வடிவங்கள் அதில் இருக்காது.

இரண்டாவது, ஒரு மொழியில் சேவை தரும் எந்த நிறுவனமும் சராசரி மதிப்பெண்ணோடு, மோசமான பிழை எத்தனை வாக்கியத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் மொழிவாரியாக வெளியிட வேண்டும். அரசு ஒப்பந்தங்களில் இதை நிபந்தனையாக்கலாம்.

மூன்றாவது, கணிப்பு வாசகரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உறுதி குறைந்த வாக்கியத்தைக் குறியிட்டுக் காட்டலாம். மரணம், நோய், சட்டம், பேரிடர் பற்றிய பதிவில் உறுதி குறைந்தால் மொழிபெயர்ப்பைக் காட்டாமல் மூலத்தையே விட்டுவிடலாம். மொழிபெயர்க்காமல் நிற்பதும் ஒரு சரியான விடைதான் என்பதை இயந்திரம் செய்வோர் ஏற்க வேண்டும்.

நான்காவது, இதற்கெல்லாம் அடித்தளமான மனித மதிப்பீட்டைத் திறமை தேவைப்படும் தொழிலாக மதித்துக் கூலி தர வேண்டும். இருமொழியிலும் தேர்ந்த ஒருவர் ஒரு வாக்கியத்தில் பிழை எங்கே, எவ்வளவு கடுமை என்று குறிப்பது, திருத்தாசிரியர் வேலைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. தரவு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடப் பல மடங்கு தர முடியும் என்று கார்யா காட்டியிருக்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் அரசுச் செய்தித் துறையினரும் நாள்தோறும் இயந்திர மொழிபெயர்ப்பில் செய்யும் திருத்தங்கள் மிகச் சிறந்த பயிற்சித் தரவு. அவற்றைச் சேமித்து, தனிமனிதர் விவரங்களை நீக்கி, பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டால் கன்னடத்தின் 0.45 அதே இடத்தில் நிற்காது.

மொழிபெயர்ப்பு இயந்திரம் பிழை செய்யும். மனித மொழிபெயர்ப்பாளரும் செய்வார். நல்ல மொழிபெயர்ப்பாளரின் தனித்திறம், தனக்கு எந்த வரி பிடிபடவில்லை என்று அவருக்குத் தெரிவதில் இருக்கிறது. அகராதியைத் தேடுவார், மூல ஆசிரியரைக் கேட்பார், முடியாதபோது ஓரத்தில் கேள்விக்குறி இட்டுப் பதிப்பாசிரியரிடம் அனுப்புவார். கோடிக்கணக்கானவர்களின் அன்றாட வாசிப்பை ஏற்றிருக்கும் இயந்திரத்திடம் அந்த ஒழுக்கத்தைக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. அதைக் கற்றுத்தரத் தேவையான மொழியறிவு பெங்களூரிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்குவது அரசுகளும் நிறுவனங்களும் எடுக்க வேண்டிய முடிவு.